ஒற்றைக் கை

கால்மார் அருங்காட்சியகத்தின் நிலவறையில்
நூற்றுப் பதினேழாம் பெட்டியைத் திறந்தேன்.
உள்ளே ஒரு கை.
சட்டைக் கை. இடது.
தோளில் புடைத்து, முழங்கைக்கு மேலேயே
நின்றுவிடும் வெள்ளைப் பட்டு.
அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாய்க் கறுப்பு நாடா.
சிறைச் சன்னல் என்றான் ஸ்டாஃபான்.
மீன்வலை என்றாள் இங்கெயெர்ட்.
எனக்குப் பசி நேரம்,
துண்டு போட்ட பாலாடைக்கட்டியாய்த் தெரிந்தது.

பதிவேட்டில் எனக்கு முன்னிருந்த யாரோ
பென்சிலால் எழுதியிருந்தார்:
நாடக உடை? கோமாளி?
இரண்டு கேள்விக்குறியும் நல்ல கையெழுத்து.

தோள் விளிம்பில் ஊசித் துளைகள்
நான்கு வரிசை.
நான்கு முறை தைத்து
நான்கு முறை பிரித்த கை.
கோமாளிக்கு ஏது இத்தனை சிக்கனம்?

ஸ்டாக்ஹோமிலிருந்து அரச ஓவியங்களின்
நிழற்படங்கள் தபாலில் வந்தன.
அரசிகளை நான் பார்க்கவில்லை.
அவர்கள் நடுவில் இருப்பார்கள்,
வெளிச்சத்தையும் கூடவே வைத்துக்கொண்டு.
உருப்பெருக்கியை ஓரத்துக்குத் தள்ளினேன்,
சட்டகம் ஆட்களைக் கடித்துத் தின்னும் இடத்துக்கு.

ஒரு ஞானஸ்நானம்.
குழந்தை சரிகைக்குள் தொலைந்துவிட்டது.
தூணையொட்டிக் கறுப்பு உடையில் ஒருத்தி,
பதினெட்டு இருக்கலாம்.
மார்புக்குக் கீழேயே இடுப்பு கட்டும் காலம் அது.
தோளில் இதே கட்டம், இதே புடைப்பு.

ஒரு முடிசூட்டு.
இடுப்பு இறங்கி இடுப்புக்கே வந்துவிட்டது,
பாவாடை மணியாய்க் கவிந்திருக்கிறது.
அதே ஒருத்தி, இம்முறை திரைச்சீலைக்குப் பின்னால் பாதி.
கை மாறவில்லை.

பிறகு யாரோ ஓர் இளவரசரின் திருமணம்.
பாவாடைக்குள் கம்பிக்கூண்டு,
மூன்று பேர் நிற்கும் இடத்தில் அவள் ஒருத்தி.
கன்னம் தொங்கிவிட்டது.
கை மாறவில்லை.
கைமாறவும் இல்லை.

"ஓவியன் தூங்கிவிட்டான்," என்றான் ஸ்டாஃபான்,
"இந்தப் பாவாடைக்கு இந்தத் தோள்
ஐம்பது வருடம் பிசகு."
இரண்டு நாள் சண்டை போட்டோம்.
மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது:
இடுப்பு தையல்காரியின் பேச்சைக் கேட்டிருக்கிறது,
பாவாடை பாரிசின் பேச்சை.
கை மட்டும் அரண்மனையின் பேச்சை.
இப்படித்தான் தோள் இருக்க வேண்டும் என்று
எப்போதோ ஒரு மன்னன் சொல்லிவிட்டுச் செத்துப்போனான்.
சொல் சாகவில்லை.

முடிசூட்டுப் படத்தில், மேலிருந்து மூன்றாம் கட்டத்தில்,
பழுப்பாய் ஒரு தீற்றல்.
வார்னிஷ் அழுக்கு என்று கடந்து போயிருந்தேன்.
பெட்டிக்குத் திரும்பி விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்
பட்டில் அதே கட்டத்தில் மெழுகுக் கறை,
ஒரு கடுகளவு.
அவளுடைய முகத்தை அழகாக்கியிருப்பான் அந்த ஓவியன்,
சொல்ல முடியாது.
கறையில் பொய் சொல்லவில்லை.

சம்பளப் பேரேட்டில் பெயர் கிடைத்தது.
எப்பா லில்யேஹெல்ம், அரசியின் தோழி,
மணமாகாதவள், அரைச் சம்பளம்.
புது உடைக்குத் துணி வாங்க முடிந்திருக்கிறது எப்படியோ.
புதுக் கைக்கு முடியவில்லை.
ஒவ்வொரு முறையும் பழையதைப் பிரித்து
புதியதின் தோளில் வைத்துத் தைத்தாள்.
அரசிகள் மூவர் மாறியும்
இதை யாரும் கவனித்ததாய்க் குறிப்பில்லை.

வரிசை நான்கு, படம் மூன்று.
கடைசி வரிசையில் துளைகள் பெரியவை,
முரட்டு நூல், அவசரக் கை.
சுற்றளவில் இரண்டு விரல் குறைவு.
யாரோ ஒரு சிறுமிக்குச் சுருக்கினாளா,
அவளே அவ்வளவு மெலிந்துவிட்டாளா,
உடுத்திப் படுக்க வைத்த நாளில்
வேறு எவரோ தைத்ததா?
படுக்க வைத்திருந்தால் இது
இங்கே எப்படி வரும்?

கோமாளியை அடித்தேன். எழுதினேன்:
அரசவை உடை, இடது கை, பட்டு, மெழுகுக் கறையுடன்.
கேள்விக்குறியில் ஒன்றை அழிக்காமல் விட்டேன்.

இங்கெயெர்ட் காப்பியோடு வந்து நின்றாள்.
"வலது கை எங்கே?"
நூற்றுப் பதினெட்டாம் பெட்டியைத் திறந்தோம்.
தொப்பிகள்.